சோதனைச் சாவடியில் நிற்கும் சாட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோதனைச் சாவடிக் கண்காணிப்பு என்பது என்ன? யார் அதைச் செய்கிறார்கள்?

இஸ்ரேல் 1967 முதல் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரையில், பாலஸ்தீனர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சில வேளைகளில் தங்கள் சொந்த வயலுக்கும்கூட ராணுவச் சோதனைச் சாவடிகளைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது. அந்தச் சாவடிகளின் அருகே போய் நின்று, நடப்பதைக் கண்ணால் பார்த்து, அன்றைக்கே எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவதுதான் இந்தப் பணி. இதில் நன்கு அறியப்பட்ட அமைப்பு 'மஹ்சோம் வாட்ச்'. இரண்டாம் இன்டிஃபாடா எனப்படும் பாலஸ்தீன எழுச்சி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த 2001-இன் தொடக்கத்தில் மூன்று இஸ்ரேலியப் பெண்கள் இதைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் உறுப்பினர் தொகை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. அவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

'மஹ்சோம்' என்பது சோதனைச் சாவடியைக் குறிக்கும் ஹீப்ரூ சொல். அரபியில் 'ஹாஜிஸ்' என்று சொந்தச் சொல் இருந்தும், பாலஸ்தீனர்கள் அன்றாடப் பேச்சில் ஹீப்ரூ சொல்லையே எடுத்து, அதற்கு அரபி முறையில் பன்மை கட்டி, 'மஹாசீம்' என்கிறார்கள்.

சோதனைச் சாவடி என்றால் எல்லையில் இருப்பதுதானே? அதில் என்ன விசேஷம்?

இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வருகிறது. இதில் ஏற்படும் குழப்பம் தீராமல் மற்ற எதுவும் விளங்காது. இஸ்ரேலுக்கும் மேற்குக் கரைக்கும் இடையில் 1949-இல் வரையப்பட்ட போர்நிறுத்தக் கோட்டைப் 'பச்சைக் கோடு' என்பார்கள். அந்தக் கோட்டில் இருக்கும் சாவடிகள் ஒரு வகை. ஆனால் ஏராளமான தடைகள் கோட்டுக்கு வெகு உள்ளே, ஒரு பாலஸ்தீன ஊருக்கும் அடுத்த பாலஸ்தீன ஊருக்கும் நடுவில் இருக்கின்றன. நாப்லுஸுக்குத் தெற்கே உள்ள ஹுவாரா அப்படிப்பட்டது. பெத்லகேம், ஹெப்ரோன் பக்கமிருந்து ராமல்லாவுக்கு வருகிறவர், ஜெருசலேம் வழியாகச் செல்ல அனுமதி இல்லாததால், வாதி நார் என்ற செங்குத்தான பள்ளத்தாக்குச் சாலையில் ஏறி இறங்கி, 'கன்டெய்னர்' என்று பெயர் பெற்ற சாவடியைக் கடக்க வேண்டும். அந்த ஒரு சாவடியை மூடினால் மேற்குக் கரையின் தெற்கும் வடக்கும் துண்டிக்கப்பட்டுவிடும்.

ஐ.நா.வின் மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் அவ்வப்போது இந்தத் தடைகளை எண்ணி வெளியிடுகிறது. 2023-இன் தொடக்கத்தில் 645 தடைகள் இருந்தன. 2025-இன் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 849 ஆனது. இவற்றில் இரவும் பகலும் ஆளிருக்கும் சாவடிகள் 94 மட்டுமே. எஞ்சியவை அவ்வப்போது மட்டும் சிப்பாய்கள் வந்து நிற்கும் சாவடிகள், சாலையின் குறுக்கே உள்ள இரும்பு வாயில்கள், மண்மேடுகள், கான்கிரீட் கட்டைகள், அகழிகள். மண்மேட்டுக்குப் பக்கத்தில் சிப்பாய் எவரும் நிற்பதில்லை என்பதால் அங்கே பேசிப் பார்க்கவோ கெஞ்சிப் பார்க்கவோ ஆளில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான்.

இவை ஏன் வந்தன? இஸ்ரேலின் தரப்பு என்ன?

1990-க்கு முன்பு மேற்குக் கரைப் பாலஸ்தீனர்கள் பொது அனுமதியின் கீழ் பெரும்பாலும் தடையின்றி இஸ்ரேலுக்குள் போய் வந்தார்கள். 1991 ஜனவரியில், வளைகுடாப் போர்க்காலத்தில், அந்தப் பொது அனுமதி நீக்கப்பட்டு ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு என்ற முறை வந்தது. 1993-இல் அது நிரந்தரமாக இறுகியது. 2000 செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாடா வெடித்தபின் பேருந்துகளிலும் உணவகங்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் நூற்றுக்கணக்கான இஸ்ரேலியப் பொதுமக்கள் இறந்தார்கள். அத்தகைய தாக்குதலைத் தடுக்கவே சாவடிகளும் 2002-இல் கட்டத் தொடங்கிய பிரிப்புச் சுவரும் என்பது இஸ்ரேலின் நிலைப்பாடு. சாவடிகளே தாக்கப்பட்டதும் உண்டு: 2002 மார்ச்சில் ராமல்லாவுக்கு வடக்கே வாதி அல்-ஹராமியாவில் தனியொரு துப்பாக்கிதாரி, சிப்பாய்களும் பொதுமக்களுமாகப் பத்து இஸ்ரேலியர்களைச் சுட்டுக் கொன்றார்.

கண்காணிப்பாளர்கள் இந்த அச்சத்தைப் பொய் என்று சொல்வதில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் அதே பேருந்துகளில்தான் போனார்கள். அவர்களுடைய கேள்வி வேறு. நாப்லுஸிலிருந்து பக்கத்துக் கிராமத்துக்குப் போகும் மாணவியை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைப்பது டெல் அவீவில் உள்ள பேருந்தை எப்படிக் காக்கிறது என்று கேட்கிறார்கள். உள்சாவடிகள் பலவும், மேற்குக் கரையில் இஸ்ரேலியர் அமைத்த ஊர்களான குடியேற்றங்களின் சாலைகளைப் பாலஸ்தீனப் போக்குவரத்திலிருந்து பிரித்து வைப்பதற்கே பயன்படுகின்றன என்பது இவர்கள் பல்லாண்டு பார்த்துச் சொல்லும் முடிவு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சாவடியைக் கடக்க என்னென்ன வேண்டும்?

மேற்குக் கரைப் பாலஸ்தீனரிடம் பச்சை உறையிட்ட அடையாள அட்டை இருக்கும். கிழக்கு ஜெருசலேம்வாசியிடம் நீல அட்டை இருக்கும். வண்டிகளின் எண் பலகையிலும் நிற வேறுபாடு உண்டு: இஸ்ரேலியருக்கு மஞ்சள், மேற்குக் கரைப் பாலஸ்தீனருக்கு வெள்ளையும் பச்சையும். பச்சை அட்டைக்காரர் ஜெருசலேமுக்கோ இஸ்ரேலுக்கோ போக, கைரேகை பதிந்த காந்த அட்டையும் 'தஸ்ரீஹ்' எனப்படும் அனுமதிச் சீட்டும் வேண்டும். அந்தச் சீட்டை வழங்குவது ராணுவத்தின் கீழ் இயங்கும் 'சிவில் நிர்வாகம்'. வேலைக்கு ஒன்று, சிகிச்சைக்கு ஒன்று, வழிபாட்டுக்கு ஒன்று, சுவருக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்ட சொந்த நிலத்துக்குப் போக ஒன்று என்று சீட்டு பல வகைப்படும்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனை கிழக்கு ஜெருசலேமில் ஒலிவ மலைமேல் இருக்கிறது. அங்கே போகும் மேற்குக் கரை நோயாளிக்கும் சீட்டு வேண்டும், உடன் வருகிறவருக்குத் தனிச் சீட்டு வேண்டும். பாலஸ்தீன ஆம்புலன்சில் வந்த நோயாளியைச் சாவடியில் இறக்கி, மறுபக்கம் காத்திருக்கும் ஆம்புலன்சுக்கு மாற்றுவதுதான் நடைமுறை. வண்டியின் பின்கதவோடு பின்கதவு சேர நிறுத்தி மாற்றும் இந்த முறை சரக்கு லாரிகளுக்கும் உண்டு.

ஒரு காலைப் பொழுது எப்படி இருக்கும்?

பெத்லகேமுக்கும் ஜெருசலேமுக்கும் இடையில் உள்ள '300-ஆம் எண்' சாவடியை எடுத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபருக்கு முந்தைய ஒரு ஞாயிறு, அதாவது இஸ்ரேலில் வாரத்தின் முதல் வேலை நாள். ஹெப்ரோன் மலைக் கிராமங்களைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளர்கள் நள்ளிரவு தாண்டியதும் வீட்டை விட்டுப் புறப்பட்டு, மூன்று மணிக்கெல்லாம் சுவரோரம் வரிசையில் நிற்பார்கள். இருபுறமும் கம்பியடித்து, மேலேயும் கூரையிட்டு, ஆள் பின்னால் ஆள் நிற்கும் அகலத்துக்கு மட்டுமே இடம் விட்ட நீண்ட பாதை அது. காப்பி விற்பவர்களும் எள் தூவிய வளைய ரொட்டி விற்பவர்களும் கம்பிக்கு வெளியிலிருந்து கை நீட்டி வியாபாரம் செய்வார்கள். நெரிசல் தாளாமல் சிலர் கம்பிமேல் ஏறி, பிறர் தோள்மேல் தவழ்ந்து முன்னே போவதும் உண்டு.

பாதையின் முடிவில் ஆளுயரச் சுழல்கதவு. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிப்பாயோ தனியார் நிறுவனக் காவலரோ பொத்தானை அழுத்தினால் சுழலும். கையை எடுத்தால் நடுவில் இருப்பவர் கம்பிகளுக்கிடையில் அப்படியே நின்றுவிடுவார். பாலஸ்தீனர்கள் இந்தக் கதவை 'மஆதா' என்கிறார்கள். அது கோழிக்கடையில் இறகு பறிக்கும் இயந்திரத்தின் பெயர். பிறகு இடுப்பு வாரையும் பையையும் கழற்றி வைத்து உலோகச் சோதனை, பிறகு அட்டை, கைரேகை, சீட்டு. இவற்றையெல்லாம் கடந்து வெளியே வந்தவர், ஆறு மணிக்குக் கிளம்பும் மேஸ்திரியின் வண்டியைப் பிடிக்க ஓடுவார். தாமதமானால் அன்றைய கூலி போச்சு.

பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 'மனிதநேய வாயில்' என்று தனி வழி ஒன்று இருக்கிறது. திறந்திருந்தால் உதவும். அது திறந்ததா, எத்தனை மணிக்குத் திறந்தது என்பதே கண்காணிப்பாளர்களின் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி.

தன்னார்வலர்கள் எதையெல்லாம் குறித்துக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் அலுப்பூட்டும் விவரங்களைத்தான். எத்தனை வழிகள் உள்ளன, அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன. வரிசையின் கடைசியில் நின்றவர் வெளியே வர எத்தனை நிமிடம் ஆயிற்று. யார் திருப்பி அனுப்பப்பட்டார், என்ன காரணம் சொல்லப்பட்டது. யாருடைய அட்டை பறித்து வைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் அவர் ஓரமாக உட்கார வைக்கப்பட்டார். கழிப்பறை இருந்ததா, குடிநீர் இருந்ததா, நிழல் இருந்ததா. சிலர் கையில் எண்ணும் கருவி வைத்துக்கொண்டு கடந்து போகிறவர்களை அரை மணிக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள்.

செய்தியாளர்கள் ஏதாவது நடந்தால் வருகிறார்கள். எதுவும் நடக்காத நாளுக்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும் என்பதே இந்தக் குறிப்பேடுகளின் பிடிவாதம். ஒருவர் அடிபட்டார் என்பது ஒரு செய்தி. ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு காலையும் இரண்டு மணி நேரம் நின்றார்கள் என்பது, பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதினாலொழிய, யாருக்கும் தெரியாமலே போய்விடக்கூடிய உண்மை. மஹ்சோம் வாட்ச் 2001 முதல் எழுதிச் சேர்த்த அறிக்கைகள் சாவடி வாரியாகவும் தேதி வாரியாகவும் ஹீப்ரூவிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடைக்கின்றன.

ஏன் பெண்கள் மட்டும்?

ராணுவச் சேவை கட்டாயமாக உள்ள சமூகம் அது. இஸ்ரேலிய ஆண் ஒருவர் சாவடிக்கு வந்தால் சிப்பாய் அவரை இன்னொரு முன்னாள் சிப்பாயாகவே பார்ப்பார், பேச்சு விரைவில் அதிகாரப் போட்டியாகிவிடும் என்று நிறுவியவர்கள் கருதினார்கள். தன் தாய் வயதிலோ பாட்டி வயதிலோ இருக்கும் பெண்ணைத் தள்ளிவிடப் பதினெட்டு, பத்தொன்பது வயதுச் சிப்பாய் ஒருகணம் தயங்குவான். அந்தத் தயக்கத்தைத்தான் அவர்கள் நம்பினார்கள். அது எப்போதும் பலித்ததாகச் சொல்ல முடியாது. "வீட்டுக்குப் போங்கள்", "துரோகிகள்" என்ற வசவும் அவர்களுக்குத் தாராளமாகவே கிடைத்தது. குறிப்பாகக் குடியேறிகளிடமிருந்து.

அவர்கள் தலையிட முடியுமா?

சட்டப்படி அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. சில சாவடிகளில் தரையில் வெள்ளைக் கோடு போட்டு, அதைத் தாண்டி வரக்கூடாது என்று படைத்தளபதி ஆணையிட்டிருக்கிறார். பாலஸ்தீன ஆணையத்தின் நிர்வாகத்தில் உள்ள 'அ' பகுதி நகரங்களுக்குள் இஸ்ரேலியர் நுழைவதை ராணுவ ஆணையே தடுக்கிறது. சாலையோரத்துச் சிவப்புப் பலகைகள் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே பயணியின் வீட்டிலிருந்து சாவடி வரையிலான வழி இவர்கள் கண்ணில் படுவதில்லை.

செய்ய முடிந்தது தொலைபேசியை எடுப்பதுதான். சிப்பாயிடம் மரியாதையாகக் காரணம் கேட்பது, பதில் வராவிட்டால் சிவில் நிர்வாகத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பு அலுவலகத்தையோ ராணுவத்தின் மனிதநேய உதவி எண்ணையோ அழைத்து, "இன்ன சாவடியில் டயாலிசிஸ் நோயாளி ஒருவர் நாற்பது நிமிடமாக நிற்கிறார்" என்று சொல்வது. சில நேரம் கதவு திறக்கும். சில நேரம் திறக்காது. சில நேரம், கேள்வி கேட்ட பெண்மேல் உள்ள எரிச்சலில் சிப்பாய் வரிசையையே நிறுத்திவிடுவதும் நடந்திருக்கிறது. கேட்டதால் நன்மையா, கேட்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றிருக்க வேண்டுமா என்ற வாதம் அமைப்புக்குள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

வயலின் சம்பவம் என்கிறார்களே, அது என்ன?

2004 நவம்பரில் நாப்லுஸுக்கு மேற்கே உள்ள பெய்த் இபா சாவடியில், வயலின் எடுத்து வந்த ஓர் இளைஞர் சிப்பாய்கள் முன்னால் நின்று அதை வாசித்தார். அதை மஹ்சோம் வாட்ச் தன்னார்வலர் ஒருவர் படம் பிடித்தார். படம் வெளியானதும் இஸ்ரேலில் பெரும் விவாதம் எழுந்தது. நாஜி முகாம்களில் யூத இசைக்கலைஞர்கள் வாசிக்க வைக்கப்பட்ட நினைவை அது பலருக்குக் கிளப்பியது. சிப்பாய்கள் கட்டாயப்படுத்தவில்லை என்று ராணுவம் சொன்னது. வாசிக்கச் சொன்னார்கள் என்று இளைஞர் சொன்னார். தினமும் பல்லாயிரம் பேர் நிற்கும் வரிசை எழுப்பாத அதிர்ச்சியை ஒரு வயலின் எழுப்பியது எனக்கு இன்றும் கொஞ்சம் கசப்பாகவே இருக்கிறது.

வெளிநாட்டினரும் கண்காணிக்கிறார்களா?

ஆம். உலகத் திருச்சபைகள் மன்றம், ஜெருசலேம் திருச்சபைகளின் அழைப்பை ஏற்று, 2002-இல் துணைநிற்போர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் மூன்று மாதம் அங்கேயே தங்கி, விடிகாலைச் சாவடிகளில் நிற்பார்கள், பள்ளிக்குப் போகும் குழந்தைகளுக்குத் துணை போவார்கள்.

ஹெப்ரோனின் கதை தனி. 1994 பிப்ரவரியில் அங்குள்ள இப்ராஹீமி மசூதியில் தொழுகையின்போது குடியேறி ஒருவர் 29 பேரைச் சுட்டுக் கொன்றதை அடுத்து, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 904-ஆம் தீர்மானம் தற்காலிகச் சர்வதேச இருப்பைக் கோரியது. அதன்வழி வந்த பார்வையாளர் குழு, 1997-இல் நகரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபின், நார்வேயின் ஒருங்கிணைப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. அதன் அறிக்கைகள் இரு தரப்புக்கும் பங்கேற்ற நாடுகளுக்கும் மட்டுமே போகும். பொதுமக்கள் பார்வைக்கு வராது. 2019 ஜனவரியில் இஸ்ரேல் அதன் பணிக்காலத்தை நீட்டிக்க மறுத்தது. அதே மாதம், துன்புறுத்தல்கள் காரணமாகத் திருச்சபைகள் மன்றமும் தன் தன்னார்வலர்களை ஹெப்ரோனிலிருந்து விலக்கிக்கொண்டது. நகரின் இஸ்ரேலியக் கட்டுப்பாட்டுப் பகுதியில் மட்டும் 2023-இல் 80 தடைகள் இருந்தன.

கறுப்புப் பட்டியல் என்பது என்ன?

ஒருநாள் தொழிலாளி சுழல்கதவில் அட்டையை வைப்பார். திரையில் தடை என்று வரும். பாதுகாப்புக் காரணம். என்ன காரணம் என்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் கைதாகியிருக்கலாம், பெயர்க்குழப்பமாக இருக்கலாம், உளவு சொல்ல மறுத்ததற்கான தண்டனையாக இருக்கலாம். இப்படித் தடுக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீட்டு மனுக்கள் எழுதிக் கொடுக்கவே மஹ்சோம் வாட்சில் ஒரு தனிக் குழு உருவானது. வழக்கறிஞர் தேவையில்லாத, படிவமும் பொறுமையும் மட்டுமே தேவைப்படும் வேலை. சாவடியில் நிற்பதைவிட இந்த மேசை வேலையில்தான் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைத்தது என்று சொல்லலாம். மனு போட்டதும் காரணம் ஏதும் கூறாமலே தடை நீங்கிய நேர்வுகள் பல. நீக்க முடிந்த தடை முதலில் ஏன் விதிக்கப்பட்டது என்ற கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை.

இயந்திரங்கள் வந்தபின் நிலைமை மாறவில்லையா?

ஓரளவு மாறியது. ராமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் இடையில் உள்ள கலந்தியா சாவடி 2019-இல் புதுப்பிக்கப்பட்டு மின்னணு வாயில்கள் வந்தபின், மணிக்கணக்கான காத்திருப்பு நிமிடங்களாகக் குறைந்தது. வரிசை குறைந்ததை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் சீட்டு இல்லாதவருக்கு வாயில் எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் ஒன்றுதான். கேள்வி கேட்க எதிரில் ஒரு முகமும் இல்லாமல் போயிற்று. ஹெப்ரோனில் முக அடையாளத் தொழில்நுட்பம் சாவடிகளில் பயன்படுவதையும், அங்குள்ளோர் முகங்கள் ஒப்புதலின்றிப் பதிவாவதையும் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023-இல் விரிவாக வெளியிட்டது. வாயிலில் நிற்கும் தன்னார்வலருக்கு இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது?

ஆக்கிரமிப்பு அரசு பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் மக்களை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்பது நான்காம் ஜெனீவா உடன்படிக்கை. சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று அளித்த ஆலோசனைக் கருத்தில், மேற்குக் கரைக்குள் கட்டப்படும் சுவரும் அதனோடு இணைந்த அனுமதி முறையும் நடமாட்டச் சுதந்திரத்தை மீறுவதாகச் சொன்னது. 2024 ஜூலை 19 அன்று, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்றது. இரண்டையும் இஸ்ரேல் ஏற்கவில்லை.

இந்தப் பணியின்மேல் உள்ள விமர்சனங்கள்?

வலதுசாரிகளின் விமர்சனம் எளிது: ராணுவத்தின் கையைக் கட்டுகிறார்கள், நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள். கடினமானது மறுபக்கத்து விமர்சனம். சாவடியில் கூரை வேண்டும், தண்ணீர் வேண்டும், மனிதநேய வாயில் வேண்டும் என்று கேட்டால், சாவடி நிரந்தரம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாதா? கூரை வந்தது, குழாய் வந்தது, 'பயணியர் முனையம்' என்ற பெயரும் வந்தது, சாவடி போகவில்லை. அமைப்பிலிருந்து விலகிய பெண்கள் சிலர் இதையே சொன்னார்கள். தங்கியவர்களோ, வெயிலில் நிற்பவரிடம் கொள்கை பேசிவிட்டு நிழலைக் கேட்காமல் வர முடியாது என்றார்கள். நான் இரண்டாமவர்கள் பக்கம் சாய்கிறேன். முதலாமவர்கள் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

2023 அக்டோபருக்குப் பின் என்ன ஆயிற்று?

அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலை அடுத்து, மேற்குக் கரைத் தொழிலாளர்களின் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். விடிகாலை மூன்று மணிக்கு நெரிந்த கம்பிப்பாதைகள் வெறிச்சோடின. 2024 ரமலானில் ஜெருசலேமின் அல்-அக்ஸா மசூதிக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போக 55 வயது தாண்டிய ஆண்களும் 50 தாண்டிய பெண்களும், அவர்களும் சீட்டு பெற்றிருந்தால் மட்டுமே, விடப்பட்டார்கள். மறுபுறம் உள்சாலைகளில் இரும்பு வாயில்கள் பெருகின. எந்த ஊர் வாயில் எந்த நேரம் திறக்கும் என்பதை ஓட்டுநர்கள் கைப்பேசிக் குழுக்களில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் வண்டி எடுக்கிறார்கள்.

கண்காணிப்பும் இடம் மாறியிருக்கிறது. மஹ்சோம் வாட்ச் பெண்கள் இப்போது வடக்கு ஜோர்தான் பள்ளத்தாக்கில் மேய்ப்பர்களோடு ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடக்கிறார்கள். குடியேறிகள் வந்தால் படம் எடுக்கிறார்கள். போகிற வழியில் தயாசீர், ஹம்ரா சாவடிகள் வருகின்றன. அங்கே வண்டியை ஓரங்கட்டி, எத்தனை வண்டிகள் நிற்கின்றன, முதலாவது வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று இன்னும் எழுதிக்கொண்டுதான் போகிறார்கள்.